புரட்டாசி வந்தாச்சு... சென்னையில் இனி தினமும் கூட்டம்தான்! குடும்பத்தோடு எங்கே போகலாம்? எப்படித் திரும்பலாம்?

சென்னை வெயிலில் காய்ந்து கிடந்த ஜனங்களுக்கு ஆவணி கடைசியில்தான் கொஞ்சம் மூச்சு வரும். சாயங்காலம் ஆனால் மேற்கே கருக்கும். ராத்திரி ஒரு மழை தட்டிவிட்டுப் போகும். காலையில் எழுந்தால் காற்று ஜில்லென்று இருக்கும். செப்டம்பரில் தொடங்கி ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் இருக்கிற இந்த ஆறேழு வாரம்தான் நகரத்துக்குத் திருவிழா சீசன்.

பெசன்ட் நகர் கொடியேற்றம், பிள்ளையார் கரைப்பு, திருப்பதி குடை, கொலு, ஆயுத பூஜை என்று வரிசையாக வரும். பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. பஸ்சுக்கும் சுண்டலுக்கும் காசு இருந்தால் போதும். ஆனால் எந்த நாளில் எங்கே போவது, எது திறந்திருக்கும், கூட்டத்தில் புள்ளைகளை எப்படிப் பத்திரமாகக் கொண்டு வருவது என்று தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும். இல்லையென்றால் ஜாலியாகப் போன இடத்தில் போலீஸ் பூத் வாசலில் நிற்க வேண்டி வரும்.

தேதி மாறும், உஷார்

இந்த சீசனில் இரண்டு வகை விழாக்கள் உண்டு. ஒன்று, இங்கிலீஷ் தேதிப்படி வருவது. மெட்ராஸ் தினம் ஆகஸ்டு 22, வேளாங்கண்ணி மாதா திருவிழா ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை, அண்ணா பிறந்த நாள் செப்டம்பர் 15, காந்தி ஜெயந்தி அக்டோபர் 2. இவை மாறாது.

மற்றது பஞ்சாங்கப்படி வருவது. விநாயகர் சதுர்த்தி 2024-ல் செப்டம்பர் 7-ந் தேதி வந்தது. 2025-ல் ஆகஸ்டு 27-ந் தேதியே வந்துவிட்டது. ஆயுத பூஜை 2024-ல் அக்டோபர் 11, 2025-ல் அக்டோபர் 1. 2025-ல் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாளில் வந்ததால் ஒரு லீவு போச்சே என்று புலம்பியவர்கள் பலர். அதனால் போன வருஷத் தேதியை நினைத்துக்கொண்டு லீவு போடாதீர்கள். தினசரி காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் கேளுங்கள்.

பெசன்ட் நகர் மாதா

ஆகஸ்டு 29-ந் தேதி பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடி ஏறும். அன்றைக்குக் காவி உடுத்திக்கொண்டு நகரின் நாலா பக்கத்தில் இருந்தும் ஜனங்கள் நடந்தே வருவார்கள். வடசென்னையில் இருந்து குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிற குடும்பங்களையும் பார்க்கலாம். கிறிஸ்தவர்கள் மட்டும் அல்ல, இந்துக்களும் முஸ்லிம்களும் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நிற்பார்கள்.

செப்டம்பர் 7-ந் தேதி மாலை தேர் பவனி, 8-ந் தேதி மாதாவின் பிறந்த நாள் விழா. பெரம்பூரில் இருந்து வருகிறவர்களுக்கு 29சி, அயனாவரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு 23சி பஸ் இருக்கிறது. ஆனால் விழா நாட்களில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். பஸ் முன்னாலேயே நின்றுவிடும். கடைசி தூரம் கால்நடைதான். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கொடியேற்றத்தையும் தேரையும் விட்டுவிட்டு, நடுவில் ஒரு வேலை நாளில் மத்தியானம் போனால் நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டு வரலாம்.

பிள்ளையார் கரைப்பு

சதுர்த்திக்குப் பிறகு வருகிற சனி, ஞாயிறுகளில் தெருப் பிள்ளையார்களை லாரியிலும் மினி வேனிலும் ஏற்றிக் கடலுக்குக் கொண்டு போவார்கள். பட்டினப்பாக்கம், நீலாங்கரை, காசிமேடு, திருவொற்றியூர் என்று குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் கரைக்க அனுமதி. பெரிய சிலைகளைக் கிரேன் வைத்துத் தூக்கிக் கடலில் விடுவதைப் பார்க்கவே கூட்டம் திரளும்.

பார்க்கப் போகிறவர்கள் கிரேன் பக்கமும், லாரி பின்வாங்குகிற பக்கமும் போகக்கூடாது. மேளச் சத்தத்தில் டிரைவர் அடிக்கிற ஹாரன் காதில் விழாது. வீட்டுப் பிள்ளையார் களிமண்ணாக இருந்தால் கடலுக்கே போக வேண்டாம். ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடலாம். பஸ் செலவும் மிச்சம்.

யானைக்கவுனி தாண்டும் குடை

வடசென்னைக்காரர்களுக்குப் புரட்டாசி என்றாலே திருப்பதி குடைதான். திருமலை பிரம்மோற்சவத்துக்காகப் பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோவிலில் இருந்து வெண்பட்டுக் குடைகள் ஊர்வலமாகக் கிளம்பும். சாயங்காலம் யானைக்கவுனியைத் தாண்டும். "கோவிந்தா, கோவிந்தா" என்ற கோஷம் அந்தப் பகுதியையே அதிர வைக்கும். அந்த ஒரு காட்சிக்காகக் கால் கடுக்க நிற்பார்கள்.

பிறகு புரசைவாக்கம், அயனாவரம், வில்லிவாக்கம், பாடி, அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் என்று ஊர் ஊராகத் தங்கி, கருட சேவைக்கு முன்பு குடைகள் திருமலை போய்ச் சேரும். எனவே யானைக்கவுனியில் நெரிசலில் சிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் இருப்பவர்கள் தங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே தரிசிக்கலாம். குடை கிளம்பும் நாளில் என்.எஸ்.சி.போஸ் சாலை, மின்ட் தெரு, வால்டாக்ஸ் சாலை பக்கம் பைக்கில் போனால் மாட்டிக்கொள்வீர்கள். சென்ட்ரல் வரை ரெயிலில் வந்து நடப்பதே புத்திசாலித்தனம்.

புரட்டாசி சனிக்கிழமைகளில் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவிலிலும் விடிகாலையில் இருந்தே வரிசை நிற்கும். பறக்கும் ரெயிலில் திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் இறங்கினால் நடந்துவிடலாம்.

இந்த மாசம் பலர் கவுச்சியைத் தொடமாட்டார்கள். அதனால் மீன் விலை சற்று இறங்கும். விரதம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்கு ஒரு நடை போனால் வேடிக்கைக்கு வேடிக்கை, மீனுக்கு மீன்.

கொலுவும் சுண்டலும்

நவராத்திரிக்கு ஓரிரு வாரம் முன்பே மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் முளைத்துவிடும். காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரை விளாச்சேரி என்று பல ஊர்ப் பொம்மைகள் பிளாட்பாரத்தில் அணிவகுக்கும். அண்ணா சாலை பூம்புகார் விற்பனை நிலையத்திலும் கொலு பொம்மைக் கண்காட்சி வழக்கமாக நடக்கும். வாங்காவிட்டாலும் பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள்.

கொலு வைக்கிற வீட்டில் வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது ஐதீகம். பெரிய செட்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. ஒற்றைப் பொம்மை போதும். வாங்கும் முன் பொம்மையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். விரிசல் இருந்தால் அங்கேதான் தெரியும். மண் பொம்மை கனமாக இருக்கும், விழுந்தால் உடையும். காகிதக்கூழ் பொம்மை லேசாக இருக்கும், ஆனால் மழைத் தண்ணீர் பட்டால் ஊறிவிடும். பஸ்சில் கொண்டு போகிறவர்கள் பழைய துணியும் பிளாஸ்டிக் கூடையும் எடுத்துப் போவது நல்லது.

படி ஒற்றைப்படையில் வைப்பது வழக்கம். மூன்று படி வைத்தாலும் கொலுதான். வீட்டில் இடம் இல்லாதவர்கள் கோவில் கொலுவுக்குப் போகலாம். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோவில், வடபழனி முருகன் கோவில் இரண்டிலும் நவராத்திரி களைகட்டும். தி.நகரில் வங்காளிகள் நடத்தும் துர்கா பூஜைக்கும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

உழைக்கிறவன் பண்டிகை

ஆயுத பூஜை உழைக்கிறவன் பண்டிகை. அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறையில் இருந்து தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டு வரை அன்றைக்கு மிஷினுக்கும் வண்டிக்கும் ஓய்வு. சில தொழிற்சாலைகளில் குடும்பத்தாரையும் உள்ளே விடுவார்கள். அப்பா தினமும் எந்த மிஷினில் வேலை பார்க்கிறார் என்று புள்ளைகள் நேரில் பார்க்கிற நாள் அது. உங்கள் கம்பெனியில் அப்படி வழக்கம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அதை விடப் பெரிய அவுட்டிங் வேறு இல்லை.

பொரி, கடலை, பூசணி, வாழைக்கன்று வாங்கக் கோயம்பேடு மார்க்கெட்டில் சிறப்புச் சந்தை கூடும். மொத்தமாக வாங்கி நாலு வீடு பிரித்துக்கொண்டால் தெருக்கடை விலையில் பாதி மிச்சமாகும்.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. உடைத்த பூசணியை நடுரோட்டில் விட்டுப் போகாதீர்கள். திருஷ்டி கழிப்பதாக நினைத்து உடைத்த பூசணியில் வழுக்கி, டூவீலரில் வருகிறவர் விழுந்து மண்டை உடைகிறது. ஒவ்வொரு வருஷமும் போலீசார் இதைச் சொல்லியும் கேட்பார் இல்லை. உடைத்த கையோடு ஓரமாக அள்ளிப் போட ஒரு நிமிஷம் கூட ஆகாது.

எந்த நாளில் எது மூடி இருக்கும்?

புள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற கதை நகரில் அடிக்கடி நடக்கிறது. இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டலூர் உயிரியல் பூங்கா - செவ்வாய் விடுமுறை.

கிண்டி சிறுவர் பூங்கா - செவ்வாய் விடுமுறை.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் - வெள்ளி விடுமுறை. காந்தி ஜெயந்தி போன்ற தேசிய விடுமுறை நாட்களிலும் மூடி இருக்கும்.

கோட்டை அருங்காட்சியகம் - வெள்ளி விடுமுறை.

ஐ.சி.எஃப். ரெயில் அருங்காட்சியகம் - திங்கள் விடுமுறை.

முதலைப் பண்ணை - திங்கள் விடுமுறை.

பண்டிகை நாளில் சில இடங்கள் வார விடுமுறையிலும் திறப்பது உண்டு. அன்றைய பேப்பரைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

காசுக்கேற்ற இடம்

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. நடராஜர் செப்புச் சிலைகளும் அமராவதிச் சிற்பங்களும் உலகப் புகழ் பெற்றவை. எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம்.

வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேர் பரப்பு. 1855-ல் சென்னை நகருக்குள் தொடங்கிய மிருகக்காட்சி சாலையை 1985-ல் இங்கே மாற்றினார்கள். பெரியவர்களுக்கு டிக்கெட் 2023-ல் 200 ரூபாயாக உயர்ந்தது. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது பெரிய செலவு. அதனால் சாயங்காலம் போய் அரைகுறையாகப் பார்க்காமல், திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மிருகங்களும் காலை நேரத்தில்தான் சுறுசுறுப்பாக நடமாடும். மத்தியான வெயிலில் போனால் புலி நிழலில் தூங்குவதைத்தான் பார்க்கலாம். மின்சார ரெயிலில் வண்டலூர் இறங்கலாம். கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் பக்கம்தான்.

அக்டோபர் 2-ந் தேதிக்கு ஏற்ற இடம் கிண்டி காந்தி மண்டபம். 1956-ல் திறந்தது. அதே வளாகத்தில் காமராஜர் நினைவிடமும் இருக்கிறது. பெருந்தலைவர் இறந்ததும் காந்தி பிறந்த அதே அக்டோபர் 2-ந் தேதிதான், 1975-ம் வருஷம். ஒரே நாளில் இரண்டு பேருக்கும் அஞ்சலி செலுத்த ஜனங்கள் வருவது குறிப்பிடத்தக்கது.

வெளியூர் போல ஒரு நாள் கழிக்க மாமல்லபுரம் இருக்கிறது. கடற்கரைக் கோவிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் டிக்கெட் 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். செப்டம்பர் 27 உலக சுற்றுலா தினம் என்பதால் அன்றைக்கு மாலை மரியாதையோடு சுற்றுலாப் பயணிகளை வரவேற்பதும் உண்டு. போகிற வழியில் முட்டுக்காடு படகுத் துறை, வடநெம்மேலி முதலைப் பண்ணை இரண்டும் வரும். ஒரே நாளில் மூன்றையும் பிடிக்க நினைத்தால் புள்ளைகள் சோர்ந்துவிடும். மாமல்லபுரத்தோடு இன்னொன்று போதும்.

வேடந்தாங்கல் மட்டும் இப்போது வேண்டாம். மழை பெய்து ஏரி நிரம்பிய பிறகுதான் பறவைகள் குவியும். நவம்பருக்குப் பிறகு போனால் கண்கொள்ளாக் காட்சி. செப்டம்பரில் போனால் ஏரிக்கரையைத்தான் பார்க்க வேண்டும்.

ஆளைக் கொல்லும் அலை

மெரினாவில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குளிக்கத் தடை இருக்கிறது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கிற நீரோட்டம் உண்டு. நன்றாக நீச்சல் தெரிந்தவனையும் அது விடாது. லீவு நாளில் நண்பர்களோடு போய், ஒருத்தன் மாட்டி, அவனைக் காப்பாற்றப் போன இன்னொருத்தனும் மாட்டிக்கொள்கிற செய்தி வராத வருஷமே இல்லை.

பெசன்ட் நகர் பீச்சில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, பலரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அது 1930-ல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட் நினைவாகக் கட்டியது. அந்தக் கடல் இன்றும் அதே கடல்தான். யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, காலி கேன், டியூப் எது கிடைத்தாலும் தூக்கிப் போடுங்கள். மீனவர்களையும் போலீசாரையும் கத்திக் கூப்பிடுங்கள்.

இடி இடித்தால் மணலில் நிற்கவே கூடாது. பரந்த வெளியில் உயரமாக நிற்பது நீங்கள்தான். கடை ஓலைக் கூரையும் பாதுகாப்பு இல்லை. நேராக ரோட்டுக்கு வந்து ஒரு கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும்.

ஐந்து உயிர் போன அக்டோபர்

மழைக்காலம் நெருங்குகிறதே, வெயில் என்ன செய்யும் என்று நினைப்பது தப்பு. 2024-ம் வருஷம் அக்டோபர் 6-ந் தேதி மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. லட்சக்கணக்கில் கூட்டம் திரண்டது. காலை 11 மணிக்குத் தொடங்கி 1 மணி வரை உச்சி வெயில். முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப, ரோடும் பறக்கும் ரெயில் நிலையங்களும் திணறின. குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் ஜனங்கள் தவித்தார்கள். அன்றைக்கு ஐந்து பேர் இறந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை.

அந்த நாள் சொல்லிக் கொடுத்த பாடம் இது. பெரிய கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வீட்டில் இருந்தே எடுத்துப் போக வேண்டும். தொப்பியோ குடையோ கட்டாயம். வெறும் வயிற்றில் போகக்கூடாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கையில் மாத்திரையை வைத்துக்கொள்ள வேண்டும். தலை சுற்றல், குமட்டல் வந்தால் நிகழ்ச்சியைப் பார்க்காமல் உடனே நிழலுக்குப் போய் உடம்பை நனைக்க வேண்டும். முடிந்த உடனே கூட்டத்தோடு ஓட வேண்டாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினால் அதே பஸ்சில் உட்கார்ந்தே போகலாம்.

புள்ளை தொலையாமல் இருக்க

கிளம்பும் முன் குழந்தையைச் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். என்ன கலர் சட்டை என்று பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. பெயரையும் போன் நம்பரையும் துண்டுச் சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வையுங்கள். காணும் பொங்கலுக்குப் போலீசார் குழந்தை கையில் நம்பர் பட்டை கட்டுவார்களே, அதே வேலைதான். பேசத் தெரிந்த புள்ளையாக இருந்தால், "காணோம்னா ஓடாதே, அங்கேயே நில்லு, போலீஸ் அக்காகிட்ட சொல்லு" என்று சொல்லி வையுங்கள்.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளி ஜவுளிக்கும் இப்போதே கூட்டம் சேரும். சனி, ஞாயிறைத் தவிர்த்து வேலை நாளில் காலையில் போனால் துணியும் பார்த்து எடுக்கலாம், பர்சும் பத்திரமாக இருக்கும். கழுத்தில் செயினோடு கூட்டத்துக்குப் போவதைப் பெண்கள் தவிர்ப்பது நல்லது.

செலவைக் குறைக்க

மாநகர சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 மே மாதத்தில் இருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 5 வயது வரையிலான குழந்தைகளுக்கும் இலவசம். பெண்களுக்கான சலுகை டீலக்ஸ், ஏ.சி. பஸ்களுக்குப் பொருந்தாது. ஏறும் முன் போர்டைப் பாருங்கள். வீட்டில் இருந்து புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு போனால் ஓட்டல் செலவு இல்லை. பீச்சில் சுண்டல், பஜ்ஜி வாங்கினால் சூடாகப் போட்டதைக் கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் ஆறிய பண்டமும் திறந்து வைத்த தண்ணீரும் மறுநாள் ஆஸ்பத்திரி செலவு வைத்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ந் தேதியை ஒட்டித் தொடங்கும். அதற்குள் வெளியூர்ப் பயணங்களை முடித்துவிடுங்கள். பலத்த மழை பெய்தால் கணேசபுரம், துரைசாமி போன்ற சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கும். டூவீலரில் அதற்குள் இறங்காதீர்கள்.

அவசரத்துக்கு போலீஸ் 100 அல்லது 112, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவிக்கு 1098, தண்ணீர் தேங்கினாலோ மரம் விழுந்தாலோ மாநகராட்சி 1913. வெளியே கிளம்பும் முன் இந்த நம்பர்களைச் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள்.